விளிம்பா, நடுவா? ரிவால்வரின் கதையை மாற்றிய டேனியல் வெஸ்ஸன்

‘ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்’ என்ற பெயரை ஹாலிவுட் படங்களிலாவது கேட்டிருப்போம். யார் அந்த வெஸ்ஸன்?

1825-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிறந்தவர் டேனியல் வெஸ்ஸன். அண்ணன் எட்வினின் துப்பாக்கிப் பட்டறையில்தான் தொழில் கற்றார். 1849-ல் அண்ணன் இறந்துவிட்டார். 1852-ல் ஹோரஸ் ஸ்மித்துடன் கூட்டு சேர்ந்து தொடங்கிய முதல் கம்பெனி சீக்கிரமே கைமாறியது. 1856-ல் இருவரும் மறுபடியும் சேர்ந்தார்கள்.

அன்றைய ரிவால்வரில் மருந்து, குண்டு, கேப் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட வேண்டும். மூன்றும் ஒன்றாக அடங்கிய உலோகத் தோட்டாவுக்காக 1857-ல் வந்ததுதான் இவர்களின் ‘மாடல் 1’. அது ரிம் ஃபயர் வகை. அதாவது, தோட்டாவின் அடி விளிம்புக்குள் தீப்பற்றும் ரசாயனம் இருக்கும். சுத்தியல் அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். நசுங்க வேண்டும் என்பதால் கூடு மெல்லியதாக இருக்கணும். அதனால் அதிக மருந்தைத் தாங்காது.

இதில் இன்னொருவர் கதையும் இருக்கு. இந்தத் தோட்டாவைப் பின்பக்கமாகப் போட, சிலிண்டரின் துளை முழுக்க ஊடுருவிப் போக வேண்டும். அந்த காப்புரிமை ரோலின் வைட் என்பவருடையது. ஒரு ரிவால்வருக்கு 25 சென்ட் தருவதாக ஒப்பந்தம். ஆனால், காப்பி அடிப்பவர்கள் மீது வழக்கு போடும் செலவு வைட் தலையில்! 1869-ல் காப்புரிமை முடிந்தது. அதை நீட்டிக்க வழிவிடும் மசோதாவை 1870-ல் அதிபர் கிராண்ட் நிராகரித்துவிட்டார். பணத்தின் பெரும்பங்கு கோர்ட்டுக்கே போனதுதான் மிச்சம்.

வெஸ்ஸன் அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். 1870-ல் வந்த ‘மாடல் 3’ பெரும்பாலும் சென்டர் ஃபயர். ரசாயனம் தோட்டாவின் அடியில் நடுவில் தனியாக இருக்கும். கூடு தடிமன், சக்தியும் அதிகம். அமெரிக்க ராணுவம் 1,000 வாங்கியது. ரஷ்யா ஆயிரக்கணக்கில் வாங்கியது.

சுவாரஸ்யமே இனிமேல்தான். துருக்கியும் ரிவால்வர் கேட்டது. ஆனால், அவர்களின் வின்செஸ்டர் ரைஃபிள்கள் .44 ஹென்றி என்ற ரிம் ஃபயர் தோட்டாவில் ஓடின. ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா என்றால் போர்க்களத்தில் சப்ளை சுலபம். எனவே, நடுவில் அடித்த சுத்தியல் மறுபடி விளிம்பில் அடிக்கும்படியும், சிலிண்டர் அறைகள் அந்தத் தோட்டாவுக்குப் பொருந்தும்படியும் மாற்றப்பட்டன. புது டெக்னாலஜியை விட்டுப் பழசுக்குத் திரும்ப வெஸ்ஸன் தயங்கவில்லை. ஆர்டர்தான் அவருக்கு முக்கியம்.

1874 வாக்கில் ஸ்மித் விலகிக்கொள்ள, மகன்களுடன் கம்பெனியை நடத்திய வெஸ்ஸன், ஸ்பிரிங்ஃபீல்டில் மருத்துவமனைக்கும் பணம் கொடுத்தார். 1906-ல் இறந்தார். மாடல் 1-க்காக வந்த ‘.22 ஷார்ட்’ தோட்டா இன்னும் தயாரிப்பில் இருக்கிறது.