படை தோற்றாலும் தோற்காத கேப்டன் லட்சுமி அம்மா

நேதாஜியின் ஜான்சி ராணி படையைப் பத்திப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அந்தப் பெண்கள் படையை நடத்தினவங்க நம்ம சென்னையில் படித்த டாக்டர் லட்சுமி. அவர் துப்பாக்கி பிடித்தது பலருக்கும் தெரியும். படை தோற்ற பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கைதான் நமக்கு ரொம்பத் தேவையான பாடம்.

1914 அக்டோபர் 24 அன்று பிறந்தார். அப்பா சுவாமிநாதன் வக்கீல். அம்மா அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானவர். லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிரசவ மருத்துவமும் படித்தார். 1940-ல் சிங்கப்பூர் போய், கூலி வேலைக்கு வந்த ஏழை இந்தியர்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

1942-ல் சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்தது. 1943 ஜூலையில் நேதாஜி அங்கே வந்து, பெண்களுக்குத் தனிப் படை வேண்டும் என்றார். லட்சுமி கிளினிக்கை விட்டுவிட்டுப் படைக்குத் தலைமை ஏற்றார். சேர்ந்தவர்களில் நிறைய பேர் மலேயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவங்க பலர்! ஆசாத் ஹிந்த் அரசில் மகளிர் துறை அமைச்சராகவும் லட்சுமி இருந்தார்.

பர்மா வரை போனார்கள். 1945-ல் படை பின்வாங்கியது. லட்சுமி பர்மாவில் பிடிபட்டு, 1946 மார்ச்சில் இந்தியா வந்து சேர்ந்தார்.

அத்தோடு அவர் வீட்டில் முடங்கவில்லை. 1947-ல் அதே படையின் அதிகாரி பிரேம் சாகலைக் கல்யாணம் செய்து கான்பூரில் குடியேறினார். பிரிவினையில் வீடு வாசலை இழந்து வந்த அகதிகளுக்கு மருத்துவம் பார்த்தார். ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமுக்குப் போனார். 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்தபோது மருத்துவக் குழுவோடு போய் நின்றார். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1998-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 2002-ல் அப்துல் கலாமை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றார். அப்போது வயது 87. அதற்குப் பிறகும், தொண்ணூறு வயசு தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தார். 2012 ஜூலை 23 அன்று, 97 வயதில் மறைந்தார். உடலையும் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்.

நம்ம ஒரகடம் பக்கத்துல கம்பெனியில கான்ட்ராக்ட் முடிஞ்சு திரும்பி வர்ற பொண்ணுங்க இருக்காங்க. கடன் வாங்கி வச்ச கடை ஓடாம மூடினவங்களும் இருக்காங்க. எல்லாம் போச்சுன்னு உட்கார்ந்துடுறோம். லட்சுமி அம்மாவுக்குப் படை போச்சு, பதவி போச்சு. கத்துக்கிட்ட தொழில் போகல, அடுத்தவங்களுக்கு உதவுற மனசும் போகல. கையில ஒரு தொழில், பக்கத்துல ஒரு குழு, இந்த ரெண்டையும் நாம விடாம பிடிச்சுக்குவோம் சகோதரிகளே.