புழுங்கலரிசி சொன்ன உண்மை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் மாநிலங்களின் மருத்துவமனைகளில் ஒரு நோய் பேரச்சத்தை விளைவித்திருந்தது. அதன் பெயர் பெரிபெரி. இந்நோய் கண்டவருக்கு முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும். சிலருக்குத் தசைகள் வற்றிக் கால்கள் மெலியும். சிலருக்கு உடல் முழுவதும் நீர் கோத்து வீங்கும். இறுதியில் இதயம் செயலிழந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களிலும் சிறைச்சாலைகளிலும் இந்நோயால் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கினர். நல்ல உடற்கட்டுடைய இளைஞர்களையும் இது விட்டுவைக்கவில்லை.

இந்நோயின் காரணத்தைத் தேடித் தம் வாழ்நாளின் பல ஆண்டுகளைச் செலவிட்டவர்களுள் ஒருவர் டாக்டர் வில்லியம் லியோனார்ட் பிராடன். பிரிட்டிஷ் மருத்துவரான இவர், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அரசாங்க மருத்துவராகச் சிரம்பானில் பணியாற்றினார்.

அக்காலத்தில் நெகிரி செம்பிலான் வேகமாக மாறிவந்தது. சிரம்பானைச் சுற்றியும் ஜெலுபுவிலும் ஈயம் தோண்டச் சீனத் தொழிலாளர்கள் பெருமளவில் வந்தனர். காடுகள் அழிக்கப்பட்டு முதலில் காப்பித் தோட்டங்களும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் உருவாயின. அத்தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து ஆண்களும் பெண்களும் கப்பலேறி வந்தனர். கிராமங்களில் மலாய் மக்கள் தங்கள் வயலில் விளைந்த நெல்லைக் குத்தி உண்டு வாழ்ந்தனர். ஆக, மூன்று சமூகத்தாரும் ஒரே வெயிலிலும் மழையிலும் ஒரே மாநிலத்தில் வாழ்ந்தனர். ஆனால், பெரிபெரி அவர்களைச் சமமாகத் தாக்கவில்லை. இதுவே பிராடனின் சிந்தனையைத் தூண்டியது.

அன்றைய மருத்துவர்களுள் பலர் பெரிபெரியை ஒரு தொற்றுநோய் என்றே கருதினர். மலேரியா, காலரா போன்ற நோய்களுக்குக் காரணமான நுண்ணுயிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்ட காலம் அது. எனவே, பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று அவர்கள் நம்பினர். 1900ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்திலும் இக்கருத்தே முதலில் வலுவாக இருந்தது. நோயாளிகளின் இருப்பிடத்தைத் தூய்மைப்படுத்தினால் நோய் ஒழியும் என்று பலர் எதிர்பார்த்தனர். தூய்மைப்படுத்தியும் நோய் குறையவில்லை.

பிராடன் வேறு வழியில் சிந்தித்தார். நோயுற்றவர்களை மட்டும் ஆராயாமல், நோய் தீண்டாதவர்களையும் கூர்ந்து கவனித்தார். மருத்துவமனைப் பதிவேடுகளையும் சிறைச்சாலைக் குறிப்புகளையும் திரட்டி ஒப்பிட்டார். ஒவ்வொரு பிரிவினரும் என்ன உண்கின்றனர் என்று விசாரித்தார். அப்பொழுது ஓர் உண்மை புலப்பட்டது. மூன்று சமூகத்தாருக்கும் சோறே முதன்மை உணவு. ஆயினும், அவர்கள் சமைத்த அரிசி ஒன்றன்று.

சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்து இறக்குமதியான வெள்ளை அரிசியை உண்டனர். அது ஆலைகளில் உமியும் தவிடும் நீங்கும்படி நன்றாகத் தீட்டப்பட்ட பச்சரிசி. மலாய்க் கிராம மக்கள் அவ்வப்போது குத்திய அரிசியைச் சமைத்தனர். அதில் தவிடு ஓரளவு ஒட்டியிருந்தது. தோட்டத் தமிழர்களோ ஊர்வழக்கப்படி இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசியை விரும்பி உண்டனர். வெள்ளை அரிசியை உண்டவர்களிடையே நோய் மிகுந்திருந்தது. மற்ற இரு பிரிவினரிடையே அது அரிதாகவே காணப்பட்டது.

இது இனத்தைப் பொறுத்த வேறுபாடாக இருக்குமோ என்னும் ஐயமும் எழக்கூடும். அதற்கும் பிராடன் விடை கண்டார். கிராமத்தை விட்டு வெளியேறி, இறக்குமதியான வெள்ளை அரிசியை உண்ணத் தொடங்கிய மலாய்க்காரர்களுக்கும் பெரிபெரி வந்தது. எனவே, நோய்க்குக் காரணம் உண்பவரின் இனமன்று. உண்ணும் அரிசியே என்று அவர் முடிவுசெய்தார்.

புழுங்கலரிசி செய்யும் முறையை நம் முன்னோர் நன்கறிவர். நெல்லை உமியோடு நீரில் ஊறவைப்பர். பின்னர் அதனை ஆவியில் அவிப்பர். வெயிலில் உலர்த்திய பிறகே குத்துவர். இவ்வாறு செய்யும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்துகளின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தவிடு நீக்கப்பட்டாலும் அச்சத்து முழுவதும் வீணாவதில்லை. பச்சரிசியைத் தீட்டும்போதோ தவிட்டோடு சத்தும் பெரும்பாலும் போய்விடுகிறது. ஆயினும், இவ்விளக்கம் பிராடனின் காலத்தில் எவருக்கும் முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை.

பிராடன் தம் கருத்தைக் கட்டுரைகளாக எழுதினார். 1907ஆம் ஆண்டு, பெரிபெரியின் காரணத்தையும் தடுப்பு முறையையும் விளக்கும் பெரிய நூலொன்றை வெளியிட்டார். எனினும், அவருடைய கருத்தை அனைவரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. வெறும் ஒப்பீடு போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சிலர் எண்ணினர். அவர்களுள் ஒருவர் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர். பிராடனின் கருத்தில் நம்பிக்கையற்றவராகவே அவர் ஆய்வைத் தொடங்கினார்.

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டின் இறுதியில் அச்சோதனை தொடங்கியது. நோயாளிகள் வரிசையாக எண்ணப்பட்டு, ஒற்றைப்படை எண்ணினர் ஒரு பிரிவாகவும் இரட்டைப்படை எண்ணினர் மற்றொரு பிரிவாகவும் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் வழங்கப்பட்டன. ஓராண்டில் வெள்ளை அரிசி உண்டவர்களுள் பலர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களுள் ஒருவர்கூடப் பெரிபெரியால் இறக்கவில்லை. பிராடன் கூறியது சரியென ஃபிளெட்சர் ஒப்புக்கொண்டார். தங்கள் சம்மதத்தைச் சொல்ல இயலாத நோயாளிகளை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்த இன்றைய மருத்துவ நெறி இடந்தராது என்பதும் நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

அடுத்த சோதனை நெகிரி செம்பிலானிலேயே நடந்தது. மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஹென்றி ஃபிரேசரும் டாக்டர் தாமஸ் ஸ்டாண்டனும் 1907ஆம் ஆண்டு ஜெலுபுவிலுள்ள டுரியான் தீப்புஸ் பகுதியைத் தேர்ந்தெடுத்தனர். அங்குக் காட்டை வெட்டிச் சாலை அமைத்துவந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளை அரிசிக் குழுவில் பெரிபெரி தோன்றியது. புழுங்கலரிசிக் குழுவில் தோன்றவில்லை. பின்னர் உணவு மாற்றப்பட்டது. நோயும் அரிசியைத் தொடர்ந்தே இடம் மாறியது.

ஆனால், ஒரு செய்தியில் பிராடனின் கணிப்பு தவறாக அமைந்தது. தீட்டிய அரிசி நாட்படச் சேமிக்கப்படும்போது அதில் பூஞ்சையால் ஒருவகை நஞ்சு உண்டாகிறது என்று அவர் எண்ணினார். ஃபிரேசரும் ஸ்டாண்டனும் கோழிகளைக் கொண்டு மேலும் ஆராய்ந்தனர். வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகள் நோயுற்றன. அதே அரிசியோடு தவிட்டையும் சேர்த்துத் தின்றவை நலமாக இருந்தன. ஆகவே, அரிசியில் ஏதோ நஞ்சு சேர்வதால் நோய் வரவில்லை. அரிசியிலிருந்து ஏதோ நீங்குவதால்தான் வருகிறது என்பது தெளிவாயிற்று. ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன் அதற்கு முன்னரே கோழிகளிடம் கண்டறிந்த உண்மைகளோடு இது பொருந்தியது.

நீங்கிய அந்தப் பொருளைத் தேடும் முயற்சி உலகெங்கும் தொடர்ந்தது. 1912ஆம் ஆண்டு காசிமிர் ஃபங்க் என்னும் அறிவியலாளர், இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1926ஆம் ஆண்டு ஜாவாவில் ஜான்சென், டோனாத் ஆகிய இருவரும் தவிட்டிலிருந்து அப்பொருளைத் தனியே பிரித்தெடுத்தனர். அதுவே இன்று தயமின் அல்லது வைட்டமின் பி1 எனப்படுகிறது. 1929ஆம் ஆண்டு எய்க்மனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பிராடனுக்கு அத்தகைய பெரும்புகழ் வாய்க்கவில்லை. எனினும், மருத்துவ வரலாற்றில் அவர் பெயர் நிலைத்துள்ளது.

நம் தோட்டத்து முன்னோர் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் பெருந்துன்பம் அடைந்தனர், எண்ணற்றோர் உயிரிழந்தனர். அத்துன்பங்களுக்கிடையே ஒரு கொடிய நோயிலிருந்து அவர்களைக் காத்தது அன்றாடம் உண்ட புழுங்கற்சோறு. அதன் பயன் இன்னதென அவர்கள் அறிந்திருக்கவில்லை. பழகிய உணவு என்றே உண்டனர். அப்பழக்கத்தைப் புறக்கணிக்காமல், அதில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியிருக்கலாம் என்று எண்ணியதே பிராடனின் சிறப்பு.

ஓர் ஆய்வாளரின் கருத்து முழுவதும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் சரியான இடத்தில் தேடியிருந்தால், பின்வருபவர் எஞ்சியதைத் திருத்திக்கொள்வர். நோயாளிகள் ஏன் நோயுற்றனர் என்று பலர் கேட்டுக்கொண்டிருந்தபோது, மற்றவர்கள் ஏன் நோயுறவில்லை என்றும் பிராடன் கேட்டார். ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் காக்கும் வழி அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.