சணலும் தகரமும் வைத்து மில்லிமீற்றர் அலையைப் பிடித்த போஸ்

ரொறன்ரோவின் 401 நெடுஞ்சாலையில் ஓடும் புதிய கார்கள் பலவற்றின் முன்புறத்தில் ஒரு சிறிய றேடார் இருக்கிறது. முன்னால் போகும் வாகனம் எவ்வளவு தூரத்தில் என்று அளப்பது அதன் வேலை. அதன் அலைநீளம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். சிப்பைப் பெருந்தொகையாகச் செய்தால் விலை இறங்கிவிடும். ஆனால் அதிலிருந்து வரும் அலையை உலோகக் குழாய்க்குள் சிந்தாமல் ஏற்றுவதுதான் செலவு பிடித்த வேலை. இவ்வளவு குட்டையான அலைக்கு ஒரு சிறு கம்பி இணைப்பே பெரிய தடை. அதனால் இப்போது சிப்பின் உறையிலிருந்தே அலையை நேராகக் குழாய்க்குள் விடுகிறார்கள். குழாயையும் பிளாஸ்ரிக்கில் வார்த்து உலோகம் பூசுகிறார்கள்.

சிப் என்ற சொல்லே இல்லாத காலத்தில், இந்த இணைப்பைக் கல்கத்தாவில் செய்து பார்த்தவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

1858 நவம்பர் 30இல் மைமன்சிங்கில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ரேலி பிரபுவிடம் படித்தார். 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். அங்கே இந்தியருக்கு ஐரோப்பியரின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். தற்காலிக நியமனம் என்று அதிலும் பாதியை வெட்டினார்கள். போஸ் வேலையை விடவில்லை, சம்பளத்தைத்தான் தொடவில்லை. மூன்று வருடம் சம்பளமில்லாமல் படிப்பித்தார். வீட்டிலோ தகப்பனாரின் கடன். இடையில் 1887இல், சென்னையில் மருத்துவம் படித்த அபலாவை மணந்தார். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு கொடுத்தது.

ஆராய்ச்சிக்கென்று தனிக்கூடம் கிடைக்கவில்லை. ஒரு சிறிய அறையும், உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவரின் கைத்திறனும்தான் இருந்தன. 1894 அளவில் தொடங்கி, அலைநீளத்தை 5 மில்லிமீற்றர் வரை குறைத்தார். அலை சிதறாமலிருக்க அதை உலோகக் குழாய் வழியே அனுப்பினார். மறுமுனையில் புனல் வைத்து வாங்கி, உணரியில் சேர்த்தார். குழாய், புனல், உணரி என்ற இந்த வரிசை இன்றைய பொறியியலாளருக்கும் அந்நியமல்ல. அலையின் அதிர்வுத் திசையைத் திருப்ப முறுக்கிய சணலைப் பயன்படுத்தினார். அந்தத் திசையைப் பிரித்தறிய, ரயில் நேர அட்டவணைப் புத்தகமொன்றின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தாள் செருகினார். கையில் காசில்லாதவனின் சமாளிப்பு என்று இதைச் சொல்லிவிட முடியாது. 1897 ஜனவரியில் இலண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூஷனில் இந்தக் கருவிகளை அவர் இயக்கிக் காட்டினார்.

பிறகு கலீனா என்னும் ஈயத்தாதுப் பளிங்கில் ஊசிமுனையைத் தொடவைத்து, புதிய உணரி ஒன்றைச் செய்தார். குறைகடத்தியை உணரியாக்கிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. கண்டுபிடிப்பை விற்பது அவருக்குப் பிடிக்காத காரியம். நிவேதிதாவும் அமெரிக்கரான சாரா புல்லும் விடாமல் நெருக்கியதால்தான் விண்ணப்பித்தார். 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது; அதிலிருந்து பணம் பண்ண அவர் முயலவில்லை. 1909இல் கம்பியில்லாத் தந்திக்கான நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுணுக்கும் போனது. அதற்கு முன்பே போஸின் மனம் தாவரங்களின் பக்கம் திரும்பிவிட்டது.

1917இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23இல் கிரிடியில் காலமானார். அவர் கையாண்ட குழாய்களும் புனல்களும் அந்த நிறுவனத்தில் இன்னும் இருக்கின்றன.