குறைந்த கொட்டேஷன் கொடுத்த மனிதர்



நம் சங்கக் கூட்டத்தில் பெயின்ட் வேலைக்கோ லிஃப்ட் பராமரிப்புக்கோ மூன்று கொட்டேஷன் வாங்குவோம். எதில் தொகை குறைவோ அதைப் பார்த்து ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் சந்தேகம். இந்தத் தொகைக்கு இவர் எப்படி வேலையை முடிப்பார் என்று நாமே கேட்டுக்கொள்வோம். சுமார் இருநூறு வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு குறைந்த கொட்டேஷனைக் கொடுத்துவிட்டு, அதை நிறைவேற்றுவதற்காக ரயில் இன்ஜினையே மாற்றி அமைத்த ஒருவரைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன். அவர் பிரான்ஸ் நாட்டின் மார்க் செகேன்.

1786 ஏப்ரல் 20 அன்று, தெற்கு பிரான்சில் அனோனே என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பாவுக்குத் துணி வியாபாரம். அம்மா மாண்ட்கோல்ஃபியர் குடும்பத்துப் பெண். 1783-ல் இதே அனோனேயில் வெப்பக் காற்று பலூனை ஊரறியப் பறக்கவிட்ட சகோதரர்களின் குடும்பம் அது. அந்தச் சகோதரர்களில் ஒருவரான ஜோசப், செகேனுக்குத் தாத்தா முறை. இளம் வயதில் பாரிஸில் இருந்தபோது அந்தத் தாத்தாவிடம்தான் விஞ்ஞானம் கற்றுக்கொண்டார். பொறியியல் கல்லூரிப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை.

ஊர் திரும்பித் தம்பிகளோடு குடும்பத் தொழிலில் இறங்கினார். ஆனால் மனம் துணியோடு நிற்கவில்லை. மெல்லிய இரும்புக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய வடங்களில் பாலத்தைத் தொங்கவிடலாம் என்று கணக்குப் போட்டார். 1825-ல் தூர்னோன் என்ற ஊரில் ரோன் நதியின் குறுக்கே அப்படிப்பட்ட தொங்கு பாலம் திறக்கப்பட்டது. பாலத்தைக் கட்டியவர்களுக்குக் கிடைத்தது சுங்கம் வசூலிக்கும் உரிமை. இன்று நெடுஞ்சாலைகளில் நாம் கட்டுகிறோமே டோல், அதே ஏற்பாடுதான்!

அடுத்தது ரயில் பாதை. செயின்ட் எட்டியென் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைய. அந்தக் கரியை லியோன் நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தூரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக யார் மிகக் குறைந்த கட்டணம் கேட்கிறாரோ அவருக்கே உரிமை என்று அரசு ஏலம் விட்டது. 1826-ல் செகேன் சகோதரர்கள் பத்து சென்டிமுக்கும் கீழே கேட்டு உரிமையைப் பெற்றார்கள். ஒரு பிராங்கில் நூறில் ஒரு பங்குதான் சென்டிம்.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில்தான் கவலை வருகிறது. வரும்படிக்கு ஒப்பந்தம் எல்லை கட்டிவிட்டது. செலவுக்கு எந்த எல்லையும் இல்லை. பாதை மலைப்பாங்கான ஜியே நதிப் பள்ளத்தாக்கில் போகிறது. வளைவுகள் நெருக்கமாக இருந்தால் பின்னால் கனமான வண்டிகளை இழுக்க முடியாது என்பதில் செகேன் பிடிவாதமாக இருந்தார். அதனால் மலையைக் குடைந்து சுரங்கப் பாதைகள், பாலங்கள் என்று பணம் கரைந்தது. அத்தனை சரக்கையும் குதிரை வைத்தே இழுத்தால் கட்டுப்படியாகாது. நீராவி இன்ஜின் வேண்டும்.

இங்கிலாந்து போய் ஜார்ஜ் ஸ்டீபன்சனின் வேலைகளைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். ஸ்டீபன்சன் தொழிற்சாலையிலிருந்து இரண்டு இன்ஜின்களும் 1828-ல் பிரான்சுக்கு வந்தன. ஆனால் அவற்றுக்கு நீராவி போதவில்லை. காரணம் எளிது. நம் தலைமுறைக்காரர்களின் வீட்டில் வெந்நீர் போட செப்பு பாய்லர் இருந்திருக்கும். நடுவில் ஒரு குழாய், அதில் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர். அந்தக் கால இன்ஜினின் கொதிகலனும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஓரிரு பெரிய குழாய்கள் வழியாகச் சூடு போகும். பாதிச் சூடு தண்ணீரைத் தொடாமலே புகைபோக்கி வழியே வெளியேறிவிடும்.

செகேன் அந்த ஒரு பெரிய குழாய்க்குப் பதில் பல சிறிய குழாய்களைத் தண்ணீருக்குள் செலுத்தினார். நெருப்பின் சூடு அத்தனை குழாய்களுக்குள்ளும் பிரிந்து போகும்போது தண்ணீரைத் தொடும் பரப்பு பல மடங்கு ஆகிறது. அதே கரியில் முன்பைவிட அதிக நீராவி. இதற்கு 1827 டிசம்பரில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, 1828 பிப்ரவரியில் பெற்றார். 1829-ல் ஓட்டிப் பார்த்த அவருடைய இன்ஜினில் 43 குழாய்கள் இருந்தன.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. சிறிய குழாய்களில் காற்று எளிதில் இழுபடாது, நெருப்பு மந்தமாகிவிடும். அதற்காக இன்ஜினுடன் இணைந்த வண்டியில் பெரிய விசிறிகளை வைத்தார். சக்கரம் சுழலச் சுழல விசிறியும் சுழன்று நெருப்புக்குக் காற்றை ஊதும். கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதே 1829 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெயின்ஹில் என்ற இடத்தில் நடந்த போட்டியில் ஸ்டீபன்சன்களின் ராக்கெட் இன்ஜின் ஜெயித்தது. அதன் கொதிகலனில் 25 குழாய்கள். ஹென்றி பூத் என்பவர் தனியாக யோசித்துச் சொன்னது அது. வேலை முடிந்த நீராவியைப் புகைபோக்கிக்குள் பாய்ச்சி, அந்த வேகத்திலேயே காற்றை இழுக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. விசிறியைவிட அது எளிமையானது. ராக்கெட் உலகப் புகழ் பெற்றது. செகேனின் இன்ஜினை வெளியில் அறிந்தவர் குறைவு. ஆனால் காப்புரிமைப் பதிவின் தேதி அவருக்குத்தான் முந்தையது. எதையும் எழுதிப் பதிவு செய்து வையுங்கள் என்று சங்கக் கூட்டங்களில் நான் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்!

1830-ல் பாதையின் முதல் பகுதியில் கரி வண்டிகள் ஓடத் தொடங்கின. சில ஆண்டுகளில் முழுப் பாதையும் திறந்தது. சரக்குக்காகப் போட்ட பாதையில் மனிதர்கள் பிறகுதான் ஏறினார்கள். செங்குத்தான மேல் பகுதியில் பல ஆண்டுகள் குதிரைகளும் உழைத்தன. பின்னாளில் பிரான்சில் ஆறு சக்கரங்களையும் ஒன்றாக இணைத்து, நீண்ட சரக்கு ரயில்களை இழுத்த இன்ஜின்கள் வந்தன. அவற்றின் வயிற்றுக்குள்ளும் இருந்தது குழாய்க் கொதிகலன்தான்.

செகேன் இருமுறை மணந்தவர். பிள்ளைகள் மொத்தம் பத்தொன்பது! 1839-ல் ரயில் பாதைகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வெப்பம் வேலையாக மாறுவதைப் பற்றிய சிந்தனையும் அதில் இருந்தது. 1875 பிப்ரவரி 24 அன்று, பிறந்த அனோனேயிலேயே, 88 வயதில் காலமானார்.

பாரிஸுக்கு உங்கள் பிள்ளைகளைப் பார்க்கப் போனால், ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே நிமிர்ந்து பாருங்கள். பொறித்திருக்கும் 72 பெயர்களில் செகேன் பெயரும் உண்டு.

அடுத்த கூட்டத்தில் ஒருவர் மிகக் குறைவாகக் கொட்டேஷன் கொடுத்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். எப்படிச் செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம். பதில் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் நமக்கு லாபம்தானே!