வாடகை வீடு நினைவில்லமான வரலாறு

சென்னைத் தியாகராய நகரின் திருமலைப்பிள்ளை சாலையில் வீடொன்று அரசின் நினைவில்லமாகப் போற்றப்பட்டு வருகிறது. பெருந்தலைவர் காமராசர் வாழ்ந்து மறைந்த வீடு அது. ஒன்பதாண்டுகளுக்கு மேலாக ஒரு மாநிலத்தை ஆண்ட அவர்க்கு அவ்வீடு சொந்தமன்று, வாடகைக்குக் குடியிருந்ததே. அதன் பெருமையும் அதுவே என்பது நம் கருத்து.

1903ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் விருதுநகரில் குமாரசாமி நாடார், சிவகாமி அம்மையார் ஆகியோரின் மைந்தராய்க் காமராசர் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் பள்ளிப்படிப்பு இடையில் நின்றது. மாமனின் துணிக்கடையில் பணியாற்றிய அவ்விளைஞரை விடுதலை வேட்கை ஈர்த்தது. நாட்டுக்காக ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் சிறையில் கழித்தார்; இல்லறமும் நாடவில்லை.

1954இல் முதலமைச்சரான அவர், தமக்குக் கிட்டாத கல்வி ஏழைக் குழந்தைகட்குக் கிட்ட வேண்டுமெனத் துடித்தார். சிற்றூர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. பசித்த வயிற்றோடு படிப்பு ஏறாது என்பதைத் தம் வாழ்விலேயே உணர்ந்தவராதலின் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் பரப்பினார். 1958இல் சாத்தனூர் அணையும் 1959இல் வைகை அணையும் அவர் ஆட்சியில் பயனுக்கு வந்தன.

ஊருக்கு வழங்கிய அக்கை தம் வீட்டிற்கு எதையும் வழங்கவில்லை. விருதுநகரில் வாழ்ந்த அன்னையின் வீட்டிற்கு நகராட்சி தனியே குடிநீர்க் குழாய் அமைத்ததை அறிந்ததும், அதனை அகற்றச் செய்தார் என்பர். ஈன்ற தாயின் தோளில் குடம் ஏறுவதை அறிந்தும் முறை பிறழாத அந்நெஞ்சின் வேதனையை யார் அளக்க வல்லார்?

1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்காகத் தாமே பதவியைத் துறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1975இல் அதே அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, அவ்வாடகை வீட்டிலேயே அவர் உயிர் பிரிந்தது. மறு ஆண்டு நாடு அவருக்குப் பாரத ரத்னா விருதளித்துப் போற்றியது. விருதுநகரில் அவர் பிறந்து வளர்ந்த வீடும் இன்று நினைவில்லமாகத் திகழ்கிறது.

அரண்மனைகளைக் காண்போர் அங்குள்ள பொருள்களை வியப்பர். இவ்வில்லத்திலோ, அவர் சேர்க்காது விட்டவையே காட்சிப்பொருள்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்த மாணவச் செல்வங்கள் நம்மிடையே பலர் உளர். அவர்தம் பெற்றோர்க்கோ பாட்டனார்க்கோ பள்ளியில் கிடைத்த ஒருவேளைச் சோற்றின் நன்றிக்கடன் அவ்வீட்டு வாயிலில் நிற்கிறது. சென்னை செல்லும்போது ஒருமுறையேனும் அவ்வாயிலுள் நுழைந்து திரும்புவோமாக.