கொட்ரிங்டன் ஐயரும் மோட்டாத் தீவின் மறைவுச் சங்கங்களும்

பசிபிக் மாசமுத்திரத்தில், நியூ கினியா முதற்கொண்டு பிஜி வரையில் பரந்து கிடக்கும் தீவுக் கூட்டங்களுக்கு மெலனீசியா என்று பெயர். அத்தீவுகள் பலவற்றில் ஆடவர் தமக்கென ஒரு மனை கட்டி, தமக்கென அடுப்பு மூட்டி, தமக்கெனச் சில சடங்குகளை மறைவில் நடத்திப் பெண்டிரை அவற்றினின்றும் விலக்கி வைத்தனர். இவ்வழக்கத்தின் உள்ளியல்பை உலகம் அறிய எழுதி வைத்தோருள் முற்பட்டவர் ராபர்ட் ஹென்றி கொட்ரிங்டன் என்னும் ஆங்கிலக் குருவானவர். அவர் எவ்வாறு அறிந்தார், எதனை அறியாது விட்டார் என்னும் இரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி அவர் சரித்திரம் நிரம்பாது என்பது எமது எண்ணம்.

கொட்ரிங்டன் இங்கிலாந்தில் வில்ட்ஷயர் நாட்டு ராட்டன் என்னும் ஊரில் 1830-ஆம் ஆண்டு பிறந்தார். ஆக்ஸ்பர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த வாதம் கல்லூரியில் பயின்று 1855-இல் அக்கல்லூரியின் பெல்லோ ஆயினார், குருப்பட்டமும் பெற்றார். நூல்களுக்கிடையே இனிது வாழ்ந்திருக்கலாம். ஆயினும் 1860-இல் நியூசீலந்து சென்றார். பின்னர் மெலனீசிய மிஷனில் சேர்ந்து, 1867 முதல் 1887 வரை இருபது ஆண்டு நார்போக் தீவில் அம்மிஷனின் பாடசாலைக்குத் தலைமை ஆசிரியராய் விளங்கினார்.

இப்பாடசாலையே அவருக்கு ஆராய்ச்சிச் சாலையும் ஆயிற்று. சதர்ன் கிராஸ் என்னும் மிஷன் கப்பல் ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள தீவுகளினின்றும் மாணாக்கரைக் கொணர்ந்து சேர்க்கும். அவர்கள் பேசிய பாஷைகளோ பல. ஆதலின் பேங்ஸ் தீவுகளுள் ஒன்றாகிய மோட்டாவின் மொழியே அனைவர்க்கும் பொதுமொழி ஆக்கப்பட்டது. ஆங்கிலத்தைப் பிள்ளைகள்மேல் சுமத்தாது ஆசிரியர் பிள்ளைகளின் மொழியைக் கற்றனர். கொட்ரிங்டன் அவர்களைக் கொண்டே அவர்தம் கதைகளையும் வழக்கங்களையும் அம்மொழியில் எழுதுவித்தார். ஐரோப்பியர் தீவினரைப்பற்றிக் கூறுவதையன்றித் தீவினர் தம்மைப்பற்றித் தாமே கூறுவதை எழுதுவதே அவரது நோக்கமாயிருந்தது.

பேங்ஸ் தீவுகள் இக்காலத்தில் வனுவாட்டு நாட்டின் வடபாகமாய் உள்ளன. அந்நாடு 1980-இல் விடுதலை பெற்றது. மோட்டாவில் ஜனங்கள் யாவரும் இரு பகுதியினர். ஒரு பகுதியான் மற்றைப் பகுதியிலேயே பெண்கொள்ளல் வேண்டும். மக்களோ தாயின் பகுதியைச் சேர்வர். எனவே தந்தை தன் மக்களுக்கு இனத்தானல்லன்! பண்டுதொட்டு வந்த தோட்டம் உடன்பிறந்தாள் மக்களுக்குச் செல்லும்; தானே காடு வெட்டித் திருத்திய நிலம் தன் மக்களுக்கு ஆகும். அப்பகுதிக்கு வேவே என்று பெயர். தாயைக் குறிக்குஞ் சொல்லும் அதுவே. பன்மை காட்டும் 'ர' என்னும் ஒட்டு அதன் முன்னே நிற்கும். தாயைப் பன்மையாற் கூறுதல் நம் மொழியிலும் உண்டு. ஆனால் நமக்கு அது மரியாதை. அவர்க்கோ தாய் ஒருத்தியல்லள், ஓர் இனம். மாமியாரிடத்து மருமகன் காட்டும் ஒதுக்கமும் பெரிது. வனுவா லாவாத் தீவில், கடற்கரை மணலிற் பதிந்த மாமியின் அடிச்சுவட்டை ஏறும் அலை அழித்த பின்னரே மருமகன் அவ்வழிச் செல்வானாம்.

பிறப்பு இவ்வாறு பெண்வழியினதாக, பெருமையை ஆடவர் வேறோரிடத்துத் தேடினர். ஊர்தோறும் கமல் என்னும் ஆடவர் மனை உண்டு. அதனைச் சார்ந்தது சுக்வே என்னும் சங்கம். சிப்பிப் பணமும் பன்றிகளும் கொடுத்து ஒருவன் அதிற் படிப்படியாக உயர்வான். ஒவ்வொரு படிக்கும் தனி அடுப்பு. மேற்படியான் கீழ்ப்படியாரோடு உண்ணான். சங்கத்திற் சேராதவன் பெண்டிரோடு உண்ணவேண்டும். அதனினும் இழிவு வேறில்லை என்று கருதினர்.

இதனினும் அச்சம் விளைத்தவை தமத்தே என்னும் சங்கங்கள். தமத்தே என்பது இறந்தோர் ஆவி. ஊர்ப்புறத்தே சலகோரோ என்னும் மறைவிடம் இருக்கும். பெண்டிரும் சேராதாரும் அதனை அணுகலாகாது. அங்கிருந்து இனம் புரியாததோர் ஓசை எழும். முகமூடியும் இலையாடையும் பூண்ட உருவங்கள் வெளிப்பட்டுத் திரியும், எதிர்ப்பட்டோர் அடியுண்பர். சேராதாருக்கு அவர்கள் இட்ட பெயர் மூடிய கண்ணர் என்னும் பொருளது. மூடிய கண்ணருக்கு மறைத்த அப்பெரிய இரகசியந்தான் யாது? வழவழப்பான தட்டைக் கல்லொன்றன்மேல் பனையினத்து ஓலை விசிறியின் காம்பைத் தேய்த்தலே அவ்வோசை, உருவங்களோ ஊராரே! உள்ளே தனிக் கொள்கையும் இல்லை, தனி வழிபாடும் இல்லை என்று கொட்ரிங்டன் கண்டார். ஆயினும் பயன் இல்லையென்று கூறலாகாது. ஒவ்வொரு சங்கத்திற்கும் ஓர் இலை அடையாளமாம். அதனை ஒரு மரத்திற் கட்டிவிட்டால் அதன் கனியை ஒருவரும் தொடார்.

கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவிய தீவினர் சுக்வேயில் இருக்கலாமா என்னும் வினா எழுந்தது. ஒரு சொல்லால் விலக்கிவிடுதல் எளிது. பாட்டிசன் அத்தியட்சரும் கொட்ரிங்டனும் அவ்வாறு செய்திலர். தீவினரே ஆராய்ந்து துணியுமாறு விட்டனர். அது சமூக ஏற்பாடேயன்றி மதமன்று என்பது கொட்ரிங்டன் கருத்து. இப்பொறுமையை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஆயினும் மதமன்று என்ற அளவில் வினா முடிந்துவிடுமோ? பெண்ணோடு உண்பது இழிவென்னும் எண்ணம் அம்மனையின் அஸ்திவாரத்திலேயே கிடந்ததன்றோ?

1871-இல் பாட்டிசன் நுகாப்புத் தீவில் கொலையுண்டார். அதன்பின் சில ஆண்டு மிஷனின் பாரம் கொட்ரிங்டன்மேல் வீழ்ந்தது. அத்தியட்சர் பதவியை அவர் ஏற்க மறுக்க, 1877-இல் ஜான் செல்வின் அதனை ஏற்றார். அவ்வாண்டிலேயே மனா என்னும் மெலனீசியச் சொல்லின் பொருளை விளக்கிக் கொட்ரிங்டன் மாக்ஸ் முல்லருக்கு ஒரு கடிதம் வரைந்தார். மனிதவலிக்கு மேற்பட்டு எங்கும் நின்று செயலாற்றும் ஒரு சக்தியே மனா. சமய ஆராய்ச்சியாளர் பலர் அச்சொல்லைக் கையாண்டது அதன் பின்னரே. 1885-இல் மெலனீசிய மொழிகளைப்பற்றிய நூலும், 1891-இல் மெலனீசியர் என்னும் பெருநூலும் வெளிவந்தன.

இப்பெருநூலிற் பேசுவோர் பெரும்பாலும் ஆண்மக்களே. தமத்தேயின் ஓசையைப் பெண்டிர் ஆவிகளின் குரலென்று நம்பினர் என்பதும் ஆடவர் சொல்லியதே. தன் கணவனின் நடையையும் தோளையும் அறிந்த ஒருத்தி, இலையாடைக்குள் அவனை அறிந்திராளோ? அறிந்தும் அறியாதாள்போல் வழிவிட்டு நின்றனளோ? அவளை வினவினாரில்லை. ஆசிரியர் மணஞ்செய்யாத குருவானவர், கூறியோர் இளைஞர். அக்காலத்தில் அவள்பாற் சென்று கேட்டல் அரிதென்பதை நாம் அறிவோம். ஆயினும் வேவே என்று இனத்திற்கே பெயராய் நின்றவள் அந்நூலில் தன் வாயால் ஒன்றும் கூறாதிருத்தல் நம்மை வருத்துகின்றது.

1887-இல் நார்போக் தீவை விட்டு இங்கிலாந்து திரும்பிய கொட்ரிங்டன் சிச்செஸ்டர் நகரில் வாழ்ந்தார். பாமர் என்பவரோடு சேர்ந்து அவர் தொகுத்த மோட்டா மொழி அகராதி 1896-இல் வெளிவந்தது. 1908-இல் ரிவர்ஸ் என்னும் அறிஞர் மெலனீசியாவுக்குச் சென்று இதே சங்கங்களை மீண்டும் ஆராய்ந்து 1914-இல் நூல் வெளியிட்டபோது, கொட்ரிங்டன் உயிரோடிருந்தார். 1922-இல், 92 வயது நிரம்புமுன், சிச்செஸ்டரிலேயே காலமானார்.