தானே திறந்த மதகு

பெங்களூர் கே.ஆர். சர்க்கிளில் ஒரு பொறியியற் கல்லூரி உண்டு. 1917-ல் தோன்றியது. நம் மாணவர் பலர் அதன் வாசலை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அக்கல்லூரி யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தப் பெருமகனாரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் பயில்வது, ஆலை இயக்கங்களைக் கணிப்பொறியால் கட்டுப்படுத்தும் கலை. தொட்டியில் நீர்மட்டம் ஏறினால் வால்வு திறக்கவேண்டும், இறங்கினால் மூடவேண்டும். எங்கள் முதற் பாடமே இதுதான். மட்டத்தை அளக்க ஒரு கருவி, முடிவு செய்ய ஒரு நிரல், வால்வைத் திருப்ப ஒரு மோட்டார். திறக்கும் மட்டத்துக்கும் மூடும் மட்டத்துக்கும் சற்று இடைவெளி விடவேண்டும். விடாவிட்டால் மோட்டார் ஓயாது துடித்துக் கெட்டுப்போகும். கணிப்பொறியை எவரும் கனவிலும் காணாத நாளில், இந்த வேலை முழுவதையும் ஒரு கதவிடமே ஒப்படைத்தவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

1861 செப்டம்பர் 15-ல் சிக்கபள்ளாப்பூரை அடுத்த முத்தேனஹள்ளியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்தபோது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் செலவைப் பார்த்துக்கொண்டார். 1881-ல் பி.ஏ.; 1883-ல் புனாவில் பொறியியல் தேர்வில் முதலிடம். மறு ஆண்டே பம்பாய் மராமத்து இலாகாவில் வேலை.

புனாவுக்கு அருகே கடக்வாசலா ஏரி. வெள்ளக் காலத்தில் உபரி நீர் கலிங்கு வழியே வீணாக ஓடும். கோடையில் தண்ணீர் போதாது. கலிங்கின் உயரத்தைக் கூட்டினால் பெருவெள்ளத்தில் அணைக்கே ஆபத்து. கூட்டாவிட்டால் பஞ்சம். அவர் கலிங்கின் மேல் கதவுகளை அமைத்தார். நீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் நீரின் பலத்தாலேயே அவை திறக்கும். வடிந்தால் தாமே மூடிக்கொள்ளும். காவற்காரன் உறங்கினாலும் கதவு உறங்காது! 1903-ல் அது செயற்பட்டது, காப்புரிமையும் பெற்றார். பின்னர் குவாலியரின் திக்ரா அணையிலும், மைசூரின் கிருஷ்ணராஜசாகரத்திலும் அத்தகைய கதவுகள் அமைந்தன.

கிருஷ்ணராஜசாகரம் என்றதும் தமிழ் மாணவனுக்கு நெஞ்சில் ஏதோ தைக்கும். மறைப்பானேன்? 1909-ல் மைசூரின் தலைமைப் பொறியாளரான அவர், 1911-ல் அவ்வணையைத் தொடங்கி வைத்தார். சிவசமுத்திர மின்நிலையத்துக்குக் குறையாத நீர் வேண்டும். அம்மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போயிற்று. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் நம்மவர் மிகப்பலர் அல்லரோ! சென்னை அரசு 11 டி.எம்.சி. தேக்கவே இசைந்தது. ஆனால் அடித்தளம், மைசூர் முதலில் விரும்பிய 41.5 டி.எம்.சி.க்கு ஏற்ற அகலத்தில் எழுந்தது. மைசூர் அதைத் தொலைநோக்கு என்றது; தஞ்சை உழவன் வேறு பெயர் சொல்வான். இரண்டிலும் நியாயம் உண்டு என்பதே என் எண்ணம். வழக்கு நீண்டு, 1924-ல் ஒப்பந்தம் ஆயிற்று. 1934-ல் மேட்டூர் அணையும் நிறைவுற்றது. இன்றும் பிலிகுண்டுலுவில் நீரை அளக்கிறோம், ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வரவேண்டும் என்பது 2018-ன் தீர்ப்பு. மழை பொய்த்த ஆண்டில் கதவை எவ்வளவு திறப்பது என்பதை எங்கள் பாடநூலில் நான் இன்னும் காணவில்லை.

1912-ல் திவான் ஆனார். மைசூர் வங்கி, 1916-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம், சோப்புத் தொழிற்சாலை, பத்ராவதி இரும்பாலை என்று அவர் காலத்து முயற்சிகள் பல. பிற்பட்ட வகுப்பாருக்கு அரசுப் பணியில் இடம் ஒதுக்கும் மன்னரின் நோக்கத்தோடு இசையாமல் 1918-ல் பதவி துறந்தார். இதில் நான் அவர் பக்கம் இல்லை, மன்னர் பக்கம்.

1955-ல் பாரத ரத்னா விருது பெற்றார். 1962 ஏப்ரல் 14-ல் பெங்களூரில் மறைந்தார். அவர் நினைவிடம் முத்தேனஹள்ளியில் இருக்கிறது. ஒரு ஞாயிறன்று சேர்ந்து போய்வரலாம், அறுபது கிலோமீட்டர்தான்.